ஆசிரியர் வராத நாளுக்கான கோப்பு: ஆங்கிலத் தேர்வுப் பயிற்சிக்கு மாற்று வகுப்புகளைத் தயாரித்து வைக்கும் முறை

ஆங்கில ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார். அந்தப் பாடவேளைக்கு வகுப்புக்குள் நுழைபவர் கணக்கு ஆசிரியராக இருக்கலாம், விளையாட்டு ஆசிரியராகவும் இருக்கலாம். அவர் கையில் ஒரு பழைய வினாத்தாள் கட்டு கொடுக்கப்படும். "எழுதுங்க, சத்தம் போடாதீங்க" என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

முழு வினாத்தாளைக் கொடுப்பதில் உள்ள சிக்கலைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஐஇஎல்டிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலத் தேர்வின் வாசிப்புத் தாள் 60 நிமிடம், 40 கேள்வி, மூன்று நீண்ட வாசிப்புப் பகுதிகள். பாடவேளையோ 40 நிமிடம். வருகைப் பதிவு, தாள் விநியோகம் போக 35 மிஞ்சும். பாதித் தாள் முடியும்போது மணி அடிக்கும். விடையைச் சரிபார்க்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. நன்றாகப் படிக்கும் மாணவர் தனக்குத் தெரிந்ததையே மறுபடி செய்திருப்பார். தடுமாறும் மாணவருக்குத் தான் தடுமாறுவது மட்டும் இன்னொரு முறை தெரியவரும். அதற்குப் பெயர் தேர்வு. பயிற்சி என்று சொல்ல முடியாது.

ஆங்கிலம் கற்பிக்காத ஒருவர், அந்த வகுப்பை முன்பின் பார்க்காதவர், ஐந்து நிமிடம் படித்துவிட்டு நடத்தக்கூடியதாக இருப்பதுதான் நல்ல மாற்று வகுப்பு. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு தேவையை மனதில் வைத்தது.

முதல் படி: ஒரு வகுப்புக்கு ஒரே திறன்

'வாசிப்புப் பயிற்சி' என்று தலைப்பிட்டால் அது திறன் ஆகாது. 'ஒரு கூற்று வாசிப்புப் பகுதியில் மறுக்கப்பட்டிருக்கிறதா, பேசப்படவே இல்லையா என்று பிரித்தறிதல்' என்பது திறன். 'கட்டுரைக் கேள்வி எத்தனை விஷயம் கேட்கிறது என்று கண்டுபிடித்தல்' என்பதும் திறன். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அது 40 நிமிடத்துக்குப் பெரிய சரக்கு.

தேர்ந்தெடுக்கும் திறன் மாணவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானதாக இருக்க வேண்டும். புதிய இலக்கணத்தையும் புதிய கேள்வி வகையையும் மாற்று வகுப்பில் தொடங்கவே கூடாது. சந்தேகம் வந்தால் தீர்க்க அங்கே ஆள் கிடையாது. தவறாகப் புரிந்துகொண்டதை அதே நாளில் இருபது முறை செய்து பழகிவிட்டால், அதைத் திருத்துவது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

தொடக்கத்தில் எட்டு வகுப்புகள் போதும். வாசிப்புக்கு மூன்று, எழுத்துக்கு மூன்று, இலக்கணம் மற்றும் சொல்வளத்துக்கு இரண்டு. கேட்டல், பேச்சு இரண்டையும் முதல் சுற்றில் விட்டுவிடலாம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: கோப்புக்குள் நான்கு தாள்

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நெகிழி உறை. அதற்குள் மாற்று ஆசிரியருக்கான ஒரு பக்கக் குறிப்பு, மாணவர் பணித்தாள், விடைக்குறிப்பு, முன்கூட்டியே முடிப்பவர்களுக்கான கூடுதல் வேலை. குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடத்தப்போகிறவருக்கு எந்த மொழி வசதியோ அதில் எழுதுங்கள். தமிழில் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பயிற்சியைத் தாராளமாக நடத்தலாம்.

பணித்தாளை ஜெராக்ஸ் எடுக்கும்போது மாணவர் எண்ணிக்கையோடு மூன்று கூடுதலாக எடுங்கள். ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று கிழிபடும், ஒன்று புதிதாகச் சேர்ந்தவருக்கு.

பலரும் கோட்டைவிடும் இடம் தாளின் அமைப்பு. வாசிப்புப் பகுதி முன்பக்கத்திலும் கேள்விகள் பின்பக்கத்திலும் இருந்தால், மாணவர் ஒவ்வொரு கேள்விக்கும் தாளைத் திருப்பிப் படிக்க வேண்டும். நான்காவது கேள்வியில் அலுத்துப்போய் நினைவிலிருந்து எழுதத் தொடங்கிவிடுவார். வரிக்குத் திரும்பிப்போய்ச் சான்று தேடும் பழக்கத்தை வளர்ப்பதற்கென்று செய்த தாள், அதற்கே தடையாகிவிடும். ஏ4 தாளைப் படுக்கை வாக்கில் வைத்து இடப்பக்கம் பகுதியையும் வலப்பக்கம் கேள்விகளையும் அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு தனித்தாள்களாகக் கொடுங்கள். எழுத்தளவு 12க்குக் கீழே போக வேண்டாம். ஐந்து வரிக்கு ஒருமுறை வரி எண் இருந்தால், "எந்த வரியில் இருக்கிறது?" என்று ஆங்கிலம் தெரியாத ஆசிரியர்கூடக் கேட்க முடியும். வண்ணப்படங்கள் ஜெராக்ஸில் கருந்திட்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள்.

40 நிமிடத்துக்கு 250 முதல் 350 சொல் கொண்ட பகுதியும் ஆறிலிருந்து எட்டுக் கேள்விகளும் சரியான அளவு. நேரத்தை முன்கூட்டிக் கணிக்க ஒரு கைக்கணக்கு உண்டு. நீங்கள் விடை தெரியாதவர்போல உட்கார்ந்து செய்து பாருங்கள், ஆன நேரத்தை மூன்றால் பெருக்குங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம் என்றால் வகுப்புக்குப் பதினைந்து.

மூன்றாம் படி: ஒரு வகுப்பை முழுதாக எழுதிப் பார்ப்போம்

எடுத்துக்கொள்ளும் திறன் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வரும் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (சரி, தவறு, சொல்லப்படவில்லை). மாணவர்கள் அதிகம் சறுக்குவது கடைசி இரண்டையும் பிரிப்பதில். வாசிப்புப் பகுதி ஒரு தகவலைச் சொல்லி, கூற்று அதற்கு எதிராகச் சொன்னால் ஃபால்ஸ். கூற்று கேட்பதைப் பகுதி தொடவே இல்லை என்றால் நாட் கிவன்.

பகுதியில் 'நூலகம் திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'நூலகம் திங்கட்கிழமையும் திறந்திருக்கும்' என்ற கூற்று ஃபால்ஸ். எந்த வரி அதை மறுக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். 'நூலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்' என்ற கூற்று நாட் கிவன். அது உண்மையாகவே இருக்கலாம், மாணவருக்கு அப்படித் தோன்றவும் செய்யலாம். ஆனால் பகுதியில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. 'மறுக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டு. முடியாவிட்டால் அது ஃபால்ஸ் இல்லை.' இந்த ஒரு சோதனையைப் பணித்தாளின் தலையில் பெட்டி கட்டிப் போடுங்கள்.

ஏழு கூற்றுகள் எழுதுங்கள். இரண்டு ட்ரூ, இரண்டு ஃபால்ஸ், மூன்று நாட் கிவன். உண்மைத் தேர்வில் இந்த வகைக் கேள்விகளின் விடைகள் பகுதியில் வரும் வரிசையிலேயே அமைந்திருக்கும். உங்கள் கூற்றுகளும் அதே வரிசையில் இருக்கட்டும். அந்தத் தேர்வில் 'எஸ், நோ, நாட் கிவன்' என்று இன்னொரு வகையும் உண்டு. அது எழுத்தாளரின் கருத்தைப் பற்றியது, ட்ரூ, ஃபால்ஸ் வகை தகவலைப் பற்றியது. இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே இரண்டு கோடுகள். ஒன்று விடைக்கு, இன்னொன்று வரி எண்ணுக்கு. நாட் கிவன் என்றால் வரி எண் இடத்தில் ஒரு சிறு கோடு. குருட்டு யோகத்தில் விடை போடுபவரை இந்த இரண்டாவது கோடுதான் தடுக்கும்.

மாற்று ஆசிரியருக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்:

"இது மாணவர்கள் ஏற்கெனவே கற்ற கேள்வி வகை. நீங்கள் ஆங்கிலம் விளக்க வேண்டியதில்லை.
முதல் 5 நிமிடம்: வருகைப் பதிவு, தாள் விநியோகம். எல்லாரும் பெயரும் வகுப்பும் எழுதியதும் தொடங்குங்கள்.
அடுத்த 5 நிமிடம்: மேலே பெட்டிக்குள் உள்ள விதியையும் எடுத்துக்காட்டையும் ஒரு மாணவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.
அடுத்த 15 நிமிடம்: தனித்தனியாக, பேசாமல். அகராதி வேண்டாம். சொல்லுக்குப் பொருள் கேட்டால் 'அந்தச் சொல் தெரியாமலே விடை சொல்ல முடியுமா பார்' என்று மட்டும் சொல்லுங்கள்.
அடுத்த 8 நிமிடம்: இருவர் இருவராக ஒப்பிடட்டும். விடை வேறுபட்டால் வரியைக் காட்டிப் பேச வேண்டும். விடையை மாற்றினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.
அடுத்த 5 நிமிடம்: விடைக்குறிப்பைப் படியுங்கள். காரணத்தையும் சேர்த்துப் படியுங்கள்.
கடைசி 2 நிமிடம்: எந்தக் கேள்வியில் சந்தேகம் தீரவில்லையோ அதைச் சுற்றி வட்டமிட்டுத் தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள். தாள்கள் இதே உறைக்குள்."

மொத்தம் 40. பாடவேளை 45 நிமிடம் என்றால் தனிவேலைக்கு ஐந்தைக் கூட்டுங்கள். இருவர் பேசும் நேரத்தை நீட்டினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான்காம் படி: விடைக்குறிப்பில் காரணம்

'1 - ஃபால்ஸ், 2 - நாட் கிவன்' என்று எழுதிவைத்தால் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் கலவரம்தான். "ஏன் சார் ஃபால்ஸ்?" என்று ஒருவர் கேட்பார், வந்தவருக்குத் தெரியாது, சத்தம் கூடும். ஒவ்வொரு விடைக்கும் வரி எண்ணும் ஒரு வரிக் காரணமும் வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் போடப்போகும் தவறான விடையையும் அது ஏன் தவறு என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை வரக்கூடிய கேள்விகளில் இது இன்னும் முக்கியம். கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வில், வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளின் நான்காம் பகுதியில் ஆறு வாக்கிய மாற்றக் கேள்விகள் வரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வரை. கொடுத்த சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள் நிரப்ப வேண்டும். 'ஐ ஹாவ்ன்ட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்' என்பது முதல் வாக்கியம், கொடுத்த சொல் 'சின்ஸ்', நிரப்ப வேண்டியது 'இட் இஸ் டூ இயர்ஸ் ......... ஹிம்' என்று வைத்துக்கொள்வோம். 'சின்ஸ் ஐ லாஸ்ட் ஸா' என்பது சரி. 'சின்ஸ் ஐ ஸா' என்பதும் சரி. விடைக்குறிப்பில் முதலாவது மட்டும் இருந்தால், இரண்டாவதை எழுதிய மாணவர் சரியானதை அடித்துவிட்டுப் போவார். ஏற்கத்தக்க எல்லா விடைகளையும் எழுதுங்கள், அத்துடன் "வேறு விடை வந்தால் கேள்விக்குறி போட்டு வைக்கவும், ஆசிரியர் வந்து பார்ப்பார்" என்று ஒரு வரி சேருங்கள்.

சொல் எண்ணிக்கை விதியையும் தாளிலேயே எழுதிவிட வேண்டும். பி2 ஃபர்ஸ்டின் இந்தப் பகுதியில் 'டோன்ட்', 'ஐம்' போன்ற சுருக்க வடிவங்கள் இரண்டு சொல்லாக எண்ணப்படும். ஐஇஎல்டிஎஸ் வாசிப்பில் 'இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்' என்று கேட்ட இடத்தில் மூன்று சொல் எழுதினால், பொருள் சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. மாணவர்கள் இதில் இழக்கும் மதிப்பெண்ணுக்கும் அவர்களுடைய ஆங்கில அறிவுக்கும் சம்பந்தமே இல்லை. கேள்வியின் மேலே உள்ள கட்டளையைப் படிக்காததுதான் காரணம். கட்டளை வரியை மட்டும் படித்து, கொடுத்த பத்து விடைகளில் எவை விதியை மீறுகின்றன என்று கண்டுபிடிக்கும் ஒரு பணித்தாளே அருமையான மாற்று வகுப்பு. பகுதியே தேவையில்லை.

எழுத்துப் பயிற்சி: முழுக் கட்டுரை எழுதவைக்காதீர்கள்

விடுப்பு முடிந்து வரும் ஆசிரியரின் மேசையில் 40 கட்டுரைகள் கிடந்தால், ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 200 நிமிடம். பெரும்பாலும் அவை திருத்தப்படாமலே போகும். மாணவரும் அதைக் கவனிக்கத்தான் செய்கிறார், அடுத்த முறை மனம் வைத்து எழுத மாட்டார்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். முதல் பணிக்குக் குறைந்தது 150 சொல், சுமார் 20 நிமிடம். இரண்டாவதற்குக் குறைந்தது 250 சொல், சுமார் 40 நிமிடம். இரண்டாவதற்கு மதிப்பெண் பங்கு இரு மடங்கு. இந்த 40 நிமிடத்தில் திட்டமிட வேண்டிய முதல் ஐந்து நிமிடத்தைத்தான் மாணவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். மாற்று வகுப்பு அந்த ஐந்து நிமிடத்துக்கானதாக இருக்கட்டும்.

நான்கு கட்டுரைக் கேள்விகள் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் தலைப்பைச் சொல்லும் சொற்களுக்கு அடிக்கோடு, செய்யச் சொல்லும் சொற்களுக்கு வட்டம். இரு தரப்பையும் பேசி உன் கருத்தையும் சொல் என்று கேட்கிறதா, எந்த அளவுக்கு உடன்படுகிறாய் என்று கேட்கிறதா, காரணமும் தீர்வும் கேட்கிறதா? இதைப் பக்கத்தில் ஒரு வரியில் எழுத வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் திட்டம்: நிலைப்பாடு ஒரு வாக்கியம், பத்திக்கு ஒரு மையக் கருத்து வீதம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. இவ்வளவுதான். திருத்த ஒரு தாளுக்கு அரை நிமிடம் போதும்.

இன்னொரு வகை, இரண்டு மாதிரி விடைகளை ஒப்பிடுவது. ஒன்று கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும், எளிய ஆங்கிலத்தில் இருக்கும். மற்றது பெரிய சொற்களும் மனப்பாட வரிகளும் நிறைந்தது, கேள்வியில் பாதியை விட்டிருக்கும். மாணவர்கள் முதலில் இரண்டாவதைத்தான் மெச்சுவார்கள். பிறகு ஐந்து வரி சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்தால் கணக்கு தலைகீழாகும். மாதிரிகளை நீங்களே எழுதுங்கள். மாணவர் எழுதியதை எடுத்தால் பெயரை நீக்கினாலும் கையெழுத்தையோ நடையையோ வைத்து வகுப்பு கண்டுபிடித்துவிடும்.

கேட்டலும் பேச்சும்

ஒலிப்பதிவை நம்பி மாற்று வகுப்பு அமைக்க வேண்டாம். ஒலிபெருக்கி வேலை செய்யாது, கோப்பு திறக்காது, கடவுச்சொல் விடுப்பில் இருப்பவரிடம் இருக்கும். ஆனால் கேட்டல் திறனில் பாதி, ஒலி தொடங்குமுன் நடப்பது. வெற்றிடம் விட்ட கேள்விகளை மட்டும் கொடுத்து, அங்கே வரக்கூடியது எண்ணா, பெயரா, பன்மைச் சொல்லா, நாளா என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஒலியே வேண்டாம். ஒலிப்பதிவை ஆசிரியர் திரும்பியபின் போட்டு ஊகத்தைச் சரிபார்க்கலாம்.

பேச்சுப் பயிற்சி புதியவர் கையில் இரைச்சலாக முடியும். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் தயாரிக்க ஒரு நிமிடமும் பேச ஒன்று முதல் இரண்டு நிமிடமும் தருவார்கள். அந்த ஒரு நிமிடக் குறிப்பை மட்டும் ஆறு தலைப்புகளுக்கு எழுதப் பழக்கலாம். முழு வாக்கியம் எழுதக் கூடாது, தலைப்புக்கு ஐந்து அல்லது ஆறு சொல் மட்டும். வகுப்பும் அமைதியாக இருக்கும்.

தடுமாறுபவருக்கும் வேகமானவருக்கும்

இரண்டு விதப் பணித்தாள் அச்சிட்டால் விநியோகத்தில் குழப்பம் வரும், யார் எந்தத் தாள் என்பது வகுப்பில் பேச்சாகவும் ஆகும். எல்லாருக்கும் ஒரே தாள் கொடுங்கள். அடியில் மூன்று அங்குலம் விட்டு, அங்கே உதவிக் குறிப்புகள்: 'கேள்வி 3க்கு 11 முதல் 14 வரை உள்ள வரிகளைப் பார்' என்பது போல. அந்த இடத்தைப் பின்னோக்கி மடித்துத்தான் தொடங்க வேண்டும். தேவைப்பட்டவர் விரித்துக்கொள்வார், விரித்தால் மூலையில் ஒரு புள்ளி வைப்பார். யாருக்கு உதவி தேவைப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முன்பே முடிப்பவருக்கு இன்னொரு பணித்தாள் கொடுத்தால் அது தண்டனைபோல் ஆகிவிடும். அதே பகுதியிலிருந்து புதிதாக மூன்று கூற்றுகளைத் தாங்களே எழுதச் சொல்லுங்கள், அதில் ஒன்று கட்டாயம் நாட் கிவன். கேள்வி எழுதுபவருக்குத்தான் கேள்வியின் சூட்சுமம் பிடிபடும். நல்ல கூற்றுகளை அடுத்த தாளில் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம்.

தாளே இல்லாத வகுப்பு ஒன்று

ஜெராக்ஸ் இயந்திரம் பழுதாகும் நாளும் வரும். உறைகளின் மேலே ஒரு அட்டை வையுங்கள். அதில் ஒரு கட்டுரைக் கேள்வி, கீழே நான்கு சுற்று. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, சுற்றுக்கு ஐந்து நிமிடம். முதல் சுற்றில் கேள்வியைச் சொந்தச் சொற்களில் மாற்றி எழுதுவது. இரண்டாவதில் ஆறு காரணங்களைக் குறித்துக்கொள்வது. மூன்றாவதில் அவற்றில் வலுவான இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அடிப்பது. நான்காவதில் தொடக்கப் பத்தியை இரண்டே வாக்கியத்தில் முடிப்பது. மீதி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் தொடக்கப் பத்தியைப் படித்து, பலகையில் உள்ள கேள்வி முழுதும் அந்தப் பத்தியிலிருந்தே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் பத்தியைத் திருத்த வேண்டும்.

சரிபார்ப்பதும் அடுக்குவதும்

உறையை மூடுமுன் ஆங்கிலம் கற்பிக்காத சக ஆசிரியர் ஒருவரிடம் குறிப்பைக் கொடுங்கள். படித்துவிட்டு வகுப்பில் என்ன செய்வார் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தி உங்களைக் கேள்வி கேட்கிறாரோ அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது. நீங்கள் விளக்கம் சொல்லிவிடாதீர்கள், தாளைத் திருத்துங்கள்.

உறைகளுக்கு எண் போடுங்கள்: வாசிப்பு 1, வாசிப்பு 2, எழுத்து 1 என்று. உறையின் முகப்பில் வகுப்பு, தேதி எழுதும் சிறு அட்டவணை ஒட்டுங்கள். ஒரே வகுப்புக்கு ஒரே தாள் இரண்டு முறை போவது இப்படித்தான் நிற்கும். பெட்டி இருக்கும் இடத்தைக் குறைந்தது இரண்டு பேருக்குச் சொல்லிவையுங்கள். பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் மாற்று வகுப்பு இல்லாததற்குச் சமம்.

பகுதிகளை முடிந்தவரை நீங்களே எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ், கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு அவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளங்களில் இலவச மாதிரித் தாள்கள் உண்டு, கேள்வியின் வடிவத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே தாளை அப்படியே கொடுத்தால் ஏற்கெனவே செய்து பார்த்த மாணவர்கள் இருப்பார்கள். மறுபதிப்பு விதிகளையும் படித்துவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும்.

ஆசிரியர் திரும்பிய முதல் நாள், எல்லாத் தாளையும் திருத்த உட்கார வேண்டாம். வட்டமிட்ட கேள்விகளை மட்டும் எண்ணுங்கள். அதிக வட்டம் விழுந்த இரண்டு கேள்விகளை அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் பலகையில் விளக்குங்கள். பெரும்பாலோர் ஒரே கேள்வியில் வட்டமிட்டிருந்தால் முதலில் அந்தக் கேள்வியையே சந்தேகப்படுங்கள். கூற்று இரண்டு பொருள் தருகிறதா என்று பார்த்து, உறைக்குள் இருக்கும் மூலப்படியை அன்றைக்கே திருத்திவிடுங்கள்.